பெயர்த்தெடுக்கும் கட்டடமும் வர்க்க நலனும்: கிரைமிய யுத்தகாலம் பற்றிய ஒரு நோக்கு

கட்டடக்கலை வரலாறு பெரும்பாலும் நிலைத்து நிற்பனவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கோயில், கோட்டை, அரண்மனை ஆகியன பற்றி நூல்கள் பல உள. ஓரிடத்தே செய்து, பகுதி பகுதியாகக் கப்பலேற்றி, பிறிதோரிடத்தே பூட்டி நிறுத்தப்படும் கட்டடங்களோ அவ்வரலாற்றின் ஓரங்களிலேதான் இடம்பெறுகின்றன. எனினும் கைத்தொழில் முதலாளித்துவம் தனக்கே உரியதாகத் தோற்றுவித்த கட்டட வகை எது என வினவின், இதனையே நாம் சுட்டவேண்டியிருக்கும். நாடோடி மக்களின் கூடாரமும் பெயர்த்தெடுக்கப்படுவதே. ஆனால் அதனை அமைத்தோரும் அதனுள் வாழ்ந்தோரும் ஒருவரே. தொழிற்சாலையில் ஒரேயளவாக வார்க்கப்பட்ட துண்டுகளாலான கட்டடத்திலே செய்வோர் ஒருவர், விற்போர் வேறொருவர், வாழ்வோர் மற்றொருவர். இப்பிரிவினை வணிகத் தேவைக்கும் சமூகத் தேவைக்கும் எவ்வாறு பயன்பட்டது என்பதை 1850களின் பிரித்தானிய அனுபவத்தினூடாக நோக்குவதே நமது நோக்கம்.

இக்கட்டடங்களின் தொடக்கம் முற்றிலும் வணிகத்தைச் சார்ந்தது. நெளிவுடைய இரும்புத் தகட்டுக்கு 1829இல் காப்புரிமை பெற்ற ஹென்றி றொபின்சன் பாமர் லண்டன் துறைமுகக் கம்பனியின் பொறியியலாளராவார். அத்தகடு முதலில் மூடியது மனிதரையன்று. துறைமுகக் கொட்டகைகளிற் கிடந்த சரக்கினையே. 1830களில் மானிங் என்ற லண்டன் தச்சர் அவுஸ்திரேலியக் குடியேற்றக்காரருக்கென மரக் குடில்களைச் செய்து அனுப்பினார். அவற்றின் எத்துண்டும் ஓராளாற் சுமக்கக்கூடிய பாரத்துக்கு மேற்படாதிருந்தது. கலிபோர்னியாவிலும் விக்ரோறியாவிலும் பொன் கண்டெடுக்கப்பட்டபோது இரும்பு வீடுகள் பல பிரித்தானியாவிலிருந்து கப்பலேறின. 1851இல் ஹைட் பூங்காவில் எழுந்த பளிங்கு மாளிகை இப்போக்கின் உச்சம் எனலாம். ஜோசப் பக்ஸ்ரன் வரைந்த அக்கட்டடம் 1,848 அடி நீளமானது. 24 அடி அலகொன்றினைத் திரும்பத் திரும்ப வைத்து, ஏறக்குறைய 3,00,000 கண்ணாடித் துண்டுகளைப் பொருத்தி, சில மாதங்களுள் அது நிறுத்தப்பட்டது. உலகச் சந்தையைக் கைப்பற்றிய வர்க்கம் தன் பண்டங்களைப் பார்வைக்கு வைக்கக் கட்டிய அம்மண்டபமே ஒரு பண்டமாயிருந்தது. கண்காட்சி முடிந்தபின் அது கழற்றப்பட்டுச் சிடன்ஹாம் என்னுமிடத்துக்குப் பெயர்க்கப்பட்டு, 1854இல் மீண்டும் திறக்கப்பட்டது. கண்காட்சிக்கான கட்டடக் குழுவில் உறுப்பினராயிருந்து, முதலில் பெருஞ் செங்கற் கட்டடமொன்றுக்கான திட்டத்தில் ஈடுபட்டவர் இசம்பாட் பிரூணெல் என்பதை இவ்விடத்தே மனங்கொள்ளல் தகும். பெரும் பொறியியலாளரும் காலத்தின் போக்கினை உடனே உணர்ந்துவிடுவதில்லை.

1854 மார்ச்சில் பிரித்தானியா இரஷ்யாமீது போர் தொடுத்தது. அவ்வாண்டு நவம்பர் 14ஆம் நாள் வீசிய புயல் கிரைமியாவிலிருந்த படைகளின் கூடாரங்களைக் கிழித்தெறிந்ததுடன், குளிர்கால உடைகளை ஏற்றி வந்த கப்பலொன்றையும் பலாக்கிளாவாத் துறைமுகத்துக்கு வெளியே மூழ்கடித்தது. பின்னர் மரக் குடில்கள் அனுப்பப்பட்டன. ஆனால் துறைமுகத்திலிருந்து பாசறைக்குச் சென்ற பாதை சேறாகிவிட்டது. பொதி விலங்குகள் தீனியின்றி மடிந்தன. ஆகவே சில மைல் தூரத்தில் வீரர் குளிரில் விறைத்திருக்க, அவர்களுக்கான குடில்களின் பலகைகள் துறைமுகத்திலே கிடந்தன. பெயர்த்தெடுக்கும் கட்டடம் தானே நடந்து செல்வதன்று. அதற்குப் பாதை வேண்டும், மாடும் குதிரையும் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக மனித உழைப்பு வேண்டும். தொழில்நுட்பத்தைத் தனித்து நோக்கும் வரலாற்றாசிரியர் இதனை மறந்துவிடுகின்றனர். 1855 பெப்ரவரியிலே பீற்றோ, பிறாசி, பெற்ஸ் ஆகிய ஒப்பந்தகாரரின் தொழிலாளர் இருப்புப்பாதை அமைக்கத் தொடங்கிய பின்னரே இந்நிலை மாறியது. இலாபமின்றியே அவ்வேலையை ஏற்பதாக அவர்கள் அறிவித்தனர். பீற்றோவுக்குப் பின்னர் பரம்பரைப் பட்டம் கிடைத்தது.

குடில்களைச் செய்தோர் இவ்வாறு அறிவித்ததாகத் தெரியவில்லை. குளொஸ்ரர் நகர் மர வணிக நிறுவனமொன்றின் பங்காளரான றிச்சாட் பொட்டர், பிரெஞ்சுப் படைக்குக் குடில்கள் விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டினார். அவர் மகளே பின்னாளில் பேபியன் சோஷலிசத்தின் தூண்களுள் ஒருவராகக் கருதப்பட்ட பியற்றிஸ் வெப். தம் குடும்பச் செல்வத்தின் இவ்வூற்றினை அவர் மறைத்தாரல்லர்.

இதே நகரின் பட்டறைகளிலிருந்துதான் நமது ஆய்வுக்கு முதன்மையான கட்டடமும் புறப்பட்டது. ஸ்கூற்றாரி வைத்தியசாலையாக மாற்றப்பட்டிருந்த துருக்கியப் படைமனையின் அடியிலே கழிவுக் கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்தன. புளோரன்ஸ் நைற்றிங்கேல் 1854 நவம்பரில் அங்கு சென்ற பின்னரும் மரணங்கள் குறையவில்லை. 1855 பெப்ரவரியில் அனுமதிக்கப்பட்டோருள் இறந்தோர் விகிதம் நூற்றுக்கு 42ஆக உயர்ந்தது. 'ரைம்ஸ்' பத்திரிகையின் செய்திகளால் மூண்ட கொதிப்பிலே அபடீன் அமைச்சரவை கவிழ்ந்தது. இப்பின்னணியிலேயே, போர் அலுவலகத்தின் நிரந்தரத் துணைச் செயலாளரும் பிரூணெலின் மைத்துனருமான பெஞ்சமின் ஹோஸ், கப்பலில் அனுப்பத்தக்க வைத்தியசாலையொன்றை வரைந்து தருமாறு அம்மாதமே அவரை வேண்டினார்.

பிரூணெல் இம்முறை பளிங்கு மாளிகையின் பாடத்தை நன்கு கற்றிருந்தார். அவர் வரைந்தது ஒரு பெருங் கட்டடமன்று. பல முறை எடுத்தாளத்தக்க ஓர் அலகு. ஒவ்வோர் அலகும் ஏறக்குறைய 50 நோயாளருக்குரிய இரு கூடங்களைக் கொண்டது. மலசலகூடம், கழுவுமிடம், தாதியர் அறை யாவும் அதனுள்ளேயே அமைந்தன. நிலம் சரிவாயினும் மேடாயினும் நிறுத்தக்கூடியதாக அது இருத்தல் வேண்டும். எத்தனை அலகு வேண்டுமோ அத்தனையையும் நீண்ட நடைக்கூடமொன்றன் இருமருங்கிலும் சேர்த்துக்கொண்டே போகலாம். வெப்பத்தைக் கருதிக் கூடங்கள் மரத்தால் அமைந்தன. தீ அச்சமுள்ள சமையலறையும் சலவைக்கூடமும் இரும்பால் அமைந்தன. வெயிலைத் திருப்பும்படி கூரைக்கு மினுக்கிய தகரம் வேயப்பட்டது. கையால் இயக்கப்படும் விசிறியொன்று தரையின் கீழாகக் கூடத்தினுள் காற்றைச் செலுத்தியது. மாதிரிக் கூடமொன்று லண்டன் பாடிங்ரன் புகையிரத நிலையப் பகுதியில் முன்கூட்டியே நிறுத்திச் சோதிக்கப்பட்டது. ஒரு கப்பலின் சரக்கு பிந்தினாலும் மற்றையது பயனற்றுப் போகாதபடி சரக்குகளைப் பிரித்தேற்றுவதிலும் அவர் கவனஞ் செலுத்தினார். பலாக்கிளாவாத் துறைமுகத்திற் கிடந்த பலகைகளை நினைப்போர்க்கு இதன் பெறுமதி புலனாகும்.

டார்டனெல்ஸ் நீரிணையை அடுத்த றெங்கியோயில், ஜோன் பிறண்டன் என்ற பொறியியலாளரின் மேற்பார்வையிலே இவ்வைத்தியசாலை எழுந்தது. மருத்துவப் பொறுப்பை எட்மண்ட் பார்க்ஸ் ஏற்றார். 1855 ஜூலையில் 300 நோயாளரையும், 1856 மார்ச்சில் 2,200 பேரையும் ஏற்கும் நிலையை அது எய்தியது. ஆனால் செவஸ்தப்போல் 1855 செப்டெம்பரிலேயே வீழ்ந்துவிட்டது. முதல் நோயாளர் வந்தது ஒக்ரோபரில். ஏறக்குறைய 1,300 பேர் சிகிச்சை பெற, இறந்தோர் 50 பேரளவினரே. இவ்வெண்களை ஸ்கூற்றாரியின் எண்களுக்கு எதிரே வைத்து வியப்போர் பலர். அது நேர்மையான ஒப்பீடாகாது. றெங்கியோய்க்கு வந்தோர் நெடுங் கடற்பயணத்தைத் தாங்கியவர்கள். போரின் கொடிய மாதங்களும் அப்போது கழிந்திருந்தன. ஸ்கூற்றாரியிலும் 1855 மார்ச்சில் வந்த சுகாதார ஆணைக்குழுவினர் கால்வாய்களைத் துப்புரவு செய்தபின் மரணங்கள் பெரிதுங் குறைந்தன. எனவே றெங்கியோயின் சிறப்பை மரணக் கணக்கிலன்றி வேறோரிடத்திலே தேடுதல் வேண்டும்.

அச்சிறப்பு யாது? சாதாரண படைவீரனுக்கு, அதாவது அயர்லாந்துக் குடியானவனுக்கும் வேலையற்ற நெசவாளிக்கும், காற்றும் நீரும் கழிவகற்றலும் கணக்கிட்டு வழங்கப்பட்டன என்பதே. மஞ்செஸ்ரர் தொழிலாளரின் இருண்ட வீடுகளையும் அழுகிய முற்றங்களையும் எங்கெல்ஸ் 1845ஆம் ஆண்டிலேயே நூலாக எழுதியிருந்தார். அவற்றைத் திருத்தப் பணமில்லை, வழியில்லை என்று கூறிவந்த அதே அரசு, தன் அமைச்சரவை கவிழ்ந்தவுடன் சில மாதங்களுள் ஆயிரம் பேருக்கான கூடங்களைக் கடல் கடந்து நிறுத்திக் காட்டியது. வழி இல்லாதிருக்கவில்லை. 1856 ஜூலையில் வைத்தியசாலை மூடப்பட்டது. அதன் அலகுகள் எவையும் லண்டனின் கிழக்குப் பகுதிக்கோ மஞ்செஸ்ரருக்கோ பெயர்க்கப்படவில்லை. பெயர்த்தெடுக்கலாம் என்ற பண்பு வணிகனுக்கு முதலீட்டைக் காத்தது. பளிங்கு மாளிகை சிடன்ஹாமுக்குச் சென்றது அதனாலேயே. ஏழையின் தேவையைப் பொறுத்தவரையில் அதே பண்பு, பொறுப்பினைக் கழற்றிவைக்க உதவியது.

இவ்விடத்தே மேரி சீக்கோல் பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். யமேய்க்காவைச் சேர்ந்த இவரைத் தாதியாக ஏற்க லண்டன் அதிகாரிகள் மறுத்தனர். அவர் தம் செலவிலேயே சென்று, பலாக்கிளாவாவுக்கும் பாசறைக்கும் இடையே, ஒதுங்கிய மரம், பெட்டிப் பலகை, இரும்புத் தகடு ஆகியவற்றைக் கொண்டு 1855இல் ஒரு மனையை எழுப்பினார். அது கடை, உணவகம், மருந்தகம் எல்லாமாயிற்று. வணிகமும் சமூகப் பணியும் ஒரு கூரையின்கீழ் இணைந்தமைக்கு இப்போரில் இதனினும் தெளிவான சான்று இல்லை. 1856 மார்ச்சில் சமாதானம் ஏற்பட்டதும் அவரது சரக்கு வாங்குவாரின்றித் தேங்கியது. அவ்வாண்டிலேயே அவர் வங்குரோத்து நிலையடைந்தார். பொட்டரின் குடில்களுக்கு அரசு வாடிக்கையாளராயிருந்தது. சீக்கோலுக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை.

றெங்கியோயில் கூடங்களை நிறுத்திய பிறண்டன் அடுத்துச் சென்றது சிந்து மாகாண இருப்புப்பாதை வேலைக்கே. அவர் சகோதரர் வில்லியம் பொறுப்பேற்ற லாகூர்-முல்தான் பாதைக்கு அடிப்படுகையாக ஹரப்பாவின் செங்கற்கள் கொட்டப்பட்டமை வரலாற்று மாணவர் அறிந்ததே.

பாமரின் தகடும் இப்பயணத்திலே கீழைத்தேயம் வந்தது. நாகம் பூசப்பட்ட அதனை நம் மலையக மக்கள் 'தகரம்' என்ற ஒரே சொல்லால் அறிவர். 1869 அளவில் கோப்பியை நோய் பீடித்து, தேயிலை பரவிய காலந்தொட்டு இலங்கைத் தோட்டங்களிலே இருவகைக் கட்டடங்கள் இத்தகரத்தைத் தாங்கின. ஒன்று தேயிலைத் தொழிற்சாலை. அதன் மேல்மாடிகளிலே கொழுந்து வாடுவதற்கென வரிசையாக யன்னல்கள் வைக்கப்பட்டன, விசிறிகள் பொருத்தப்பட்டன, காற்றின் வெப்பமும் ஈரமும் அளக்கப்பட்டன. மற்றையது லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடியான காம்பராக்கள், பல இடங்களில் முதுகோடு முதுகாக இரு வரிசைகளில் அமைக்கப்பட்டு, பின்சுவரில் யன்னல் திறக்க வழியின்றி இருந்தன. றெங்கியோய்க் கூடத்திலே நோயாளருக்கென விசிறி சுழன்றது 1855இல். அதற்குப் பின்னர் கட்டப்பட்ட லயங்களிலே அவ்வறிவு பயன்படுத்தப்படாமைக்கு அறியாமையைக் காரணமாகக் கூறமுடியாது. அதே தோட்டத்தில், கூப்பிடு தூரத்தில், கொழுந்துக்கு அது பயன்படுத்தப்பட்டது. தொழிலாளர் வரவை இடம்பெயர்வோரின் தற்காலிக வரவாகவே தோட்டத்துரைமாரும் குடியேற்ற அரசும் பதிவுசெய்தனர். ஆதலின் உறைவிடமும் தற்காலிகமானதெனக் கருதப்பட்டது. அத்தற்காலிகக் காம்பராக்களிலே இன்றும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன.