சிறகில் கட்டிய மடல்

நூலகத்தில் தேடிய நூல் கிட்டாமற் போவதும், தேடாத நூலொன்று கைக்கு வந்து சேர்வதும் வாசிப்போர் அனைவரும் அறிந்ததே. வேல்ஸ் நாட்டுப் பழங்கதைகளின் தொகுப்பான 'மாபினோகியன்' நமக்கு அவ்வாறு வந்து சேர்ந்த நூல். கிரேக்கர், உரோமையர் தொன்மங்களைக் குருமட நாள்களிலேயே ஓரளவு படித்திருந்தோம். ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில் இத்துணை வளமான கதைமரபு ஒன்று உண்டென்பதை ஐம்பது வயதுக்கு மேல்தான் அறிந்தோம்.

அக்கதைகளுள் நம் நெஞ்சில் தங்கியது பிரான்வென் கதை. அயர்லாந்து மன்னனுக்கு மணமுடிக்கப்பட்டுக் கடல் கடந்து சென்ற இளவரசி அவள். அவளுடைய உறவினன் ஒருவன் அம்மன்னனுக்கு இழைத்த அவமதிப்பின் பழி அவள்மேல் விழுகிறது. அரசி அடுக்களைக்குத் தள்ளப்படுகிறாள். நாள்தோறும் அறையும் வாங்குகிறாள். செய்தி வெளியே போகாதபடி கப்பல்களும் தடுக்கப்படுகின்றன. அவளோ மாவு பிசையும் தொட்டியின் ஓரத்தில் மைனா இனத்துச் சிறுபறவை ஒன்றை வளர்த்து, அதற்குப் பேசக் கற்பித்து, தன் அண்ணனின் அடையாளங்களைச் சொல்லி, சிறகடியில் மடலைக் கட்டிக் கடலுக்கு மேலே பறக்க விடுகிறாள். மடல் அண்ணனைச் சேர்கிறது.

இந்த மடல் நம் கைக்கு எவ்வழி வந்தது என்று வினவினால், அதுவும் ஒரு பெண்ணின் கதையாகவே விரிகிறது. தொகுப்பை ஆங்கிலத்தில் முழுமையாக முதன்முதல் அச்சேற்றியவர் ஷார்லட் கெஸ்ட் அம்மையார். 1812-இல் இங்கிலாந்தின் பிரபு குடும்பமொன்றில் பிறந்தவர். 1833-இல் டவ்லெய்ஸ் இரும்பாலையின் உரிமையாளரான ஜான் கெஸ்ட்டை மணந்து வேல்ஸ் நாட்டில் குடியேறினார். அதன் பின்னரே அந்நாட்டு மொழியைக் கற்றார். பத்துப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக்கொண்டே, ஆலையின் கணக்குகளையும் கவனித்துக்கொண்டே, 1838 முதல் 1845 வரை ஏழு பகுதிகளாக மொழிபெயர்ப்பை வெளியிட்டார். 1849-இல் அது மூன்று தொகுதிகளாக வந்தது. சிறுவரும் படிக்கவேண்டுமென்று சில இடங்களை அவர் கத்தரித்துவிட்டது குறையே. அதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் கவிஞர் டென்னிசன் கெரெய்ன்ட் கதையை இவருடைய பக்கங்களிலிருந்தே எடுத்துக்கொண்டார்.

அம்மையாருக்குச் சுவடியைப் படியெடுத்துத் தந்தும் அரும்பொருள் விளக்கியும் உதவியவர்கள் ஜான் ஜோன்ஸ், தாமஸ் பிரைஸ் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குருக்கள். இதையே பிடித்துக்கொண்டு, உழைப்பு குருக்களுடையது, பெயர்தான் சீமாட்டியுடையது என்று பிற்காலத்தில் பேசியோர் உண்டு. அவருடைய நாட்குறிப்போ அன்றாடம் அவரே அமர்ந்து மொழிபெயர்த்ததைக் காட்டுகிறது. குருவாகிய நமக்கு இப்பேச்சு சற்றுக் கூச்சம் தந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். உதவியவர்களுக்கு நன்றி உண்டு. ஆனால் உதவி வேறு, ஆக்கம் வேறு.

நம் பங்கின் வாசகர் வட்டத்தில் இதைப் பேசியபோது, கணினித் துறையில் பணிபுரியும் இளம்பெண் ஒருவர், "ஃபாதர், ஏடா லவ்லேஸ் அம்மையார்மேலும் இதே வழக்குத்தானே?" என்றார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "தொன்மத்திலிருந்து கணினிக்கா தாவுவது?" என்று முகம் சுளித்தார். தாவல் அன்று, இருவரும் ஒரே காலத்தவர், இருவரும் மொழிபெயர்ப்பாளர்கள். 1815-இல் பிறந்த ஏடா, சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட கணிப்பொறியைப் பற்றி மெனாப்ரியா என்னும் இத்தாலியர் பிரெஞ்சில் எழுதிய கட்டுரையை 1843-இல் ஆங்கிலமாக்கினார். மூலத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீளமான குறிப்புகளையும் சேர்த்தார். கையொப்பம் மூன்று முதலெழுத்துகள் மட்டுமே. எண்களை மட்டுமன்றி இசையையும் அத்தகைய பொறி ஆளக்கூடும் என்று அவர் கண்டது அக்குறிப்புகளில்தான். 'உலகின் முதல் நிரலாளர்' என்ற பட்டம் மிகையாகலாம். பாபேஜும் அதற்கு முன்பே அத்தகைய கணிப்புமுறைகளை எழுதிப் பார்த்திருந்தார். ஆனால் அக்குறிப்புகளே அவருடையவை அல்ல என்பது வேறு வகை அநீதி. ஏடா 1852 நவம்பரில் தம் 36-ஆம் வயதில் மறைந்தார். அதே மாதத்தில்தான் ஷார்லட்டும் கணவரை இழந்து இரும்பாலையின் பொறுப்பை ஏற்றார்.

அவ்விளம்பெண் நமக்குத் தந்த நூல் கேத்தி கிளைமன் எழுதி 2022-இல் வெளிவந்த 'புரூவிங் கிரவுண்ட்'. 1946 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் எனியாக் என்னும் மாபெரும் மின்னணுக் கணினி உலகுக்குக் காட்டப்பட்டது. அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். கையேடு எதுவும் இல்லாமல், பொறியின் வரைபடங்களைக் கொண்டே அதை இயக்கக் கற்றவர்கள். விழா விருந்துக்கு அவர்களுக்கு அழைப்பில்லை. கிளைமன் மாணவியாயிருந்த 1980-களில் பழைய நிழற்படங்களைக் கண்டு, இப்பெண்கள் யாரென்று கேட்டார். பொறிக்கு அழகூட்ட நிறுத்தப்பட்ட விளம்பரப் பெண்கள் என்று விடை வந்ததாம்.

அறுவருள் ஒருவர் கே மக்நல்டி. 1921-இல் அயர்லாந்தின் டொனிகால் பகுதியில் பிறந்து, மூன்று வயதில் அமெரிக்கா சென்றபோது அவர் அறிந்தது ஐரிஷ் மொழி ஒன்றே. அது வேல்சு மொழிக்கு உறவுமொழி. கத்தோலிக்கக் கல்லூரியில் கணிதம் பயின்ற அவர், சிறுவயதில் கற்ற ஐரிஷ் செபங்களை வாழ்நாளெல்லாம் மறக்கவில்லை. அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லரின் பெயரையும் இங்கே சொல்லாமல் விட மனமில்லை. அமெரிக்காவில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவரே, ஆண்டு 1965. நம்முள் எத்தனை பேர் அவரை அறிந்திருந்தோம்?

முகம் சுளித்த ஆசிரியரே இறுதியில் ஒரு வினா எழுப்பினார்: ஷார்லட்டுக்கு முன்பு அக்கதைகளை ஏட்டில் எழுதியவன் பெயர் என்ன? தேடிப் பார்த்தோம். 1400-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதப்பட்டு 'ஹெர்கெஸ்டின் செந்நூல்' என வழங்கும் பெருஞ்சுவடியில் பெரும்பகுதி ஹவல் வகான் என்பவனின் கையெழுத்து. 'மாபினோகியன்' என்னும் சொல்லே ஏடெழுதியோர் கைப்பிழையால் வந்த வடிவம் என்பர் அறிஞர். பிற இடங்களில் 'மாபினோகி' என்றே காணப்படுகிறது. ஹவல் எழுதிய வேறொரு சுவடி காலப்போக்கில் கடல் கடந்து, எனியாக் பிறந்த அதே பிலடெல்பியாவின் பழம்பெரும் நூலகம் ஒன்றைச் சேர்ந்தது. அவனுடைய பெயரை நாம் அறிவது அதன் இறுதிக் குறிப்பால்தான். தலைவனின் வேண்டுகோளால் இந்நூலை முழுமையாக எழுதினேன், மறதியால் ஒரு சொல்லோ எழுத்தோ விடுபட்டிருந்தாலன்றி, என்னும் கருத்தில் அதை எழுதித் தன் பெயரையும் இட்டிருக்கிறான்.