பெயருக்கு நடுவே ஒரு சாய்கோடு

மலேசியாவின் கிள்ளானில் ஒரு கிளினிக். தாதி வாசல்வரை வந்து கூப்பிடுகிறார்: "குமரன் அனாக் லெலாக்கி முனுசாமி!" அடையாள அட்டையில் இருப்பது 'ஏ/எல்' மட்டும்தான். விரித்தால் 'ஆண் பிள்ளை'. பெண்ணென்றால் 'ஏ/பி', அனாக் பெரெம்புவான்.

மலாயில் அனாக் என்றால் பிள்ளை. அதில் ஆண், பெண் பேதம் கிடையாது. சரவாக்கின் ஈபான் மக்கள் அதை அப்படியே எழுதுகிறார்கள்: துன் ஜுகா அனாக் பாரியெங். நம் பெயரிலோ பாலும் சேர்ந்து நிற்கிறது. வெள்ளைக்காரர் காலத்துப் பத்திரங்களில் இருந்த எஸ்/ஓ, டி/ஓ என்ற 'மகன்', 'மகள்' சுருக்கங்களின் மலாய் வடிவம் அது. சிங்கப்பூர்த் தமிழர் பலர் பெயரில் அந்த எஸ்/ஓ இன்றும் இருக்கிறது.

மலேசியத் தமிழ்ப்பள்ளியிலோ 'குமரன் த/பெ முனுசாமி'. தந்தை பெயர் என்பதன் சுருக்கம். ஏ/எல் பிள்ளையைச் சொல்கிறது. த/பெ அப்பாவைச் சொல்கிறது. மகளுக்கும் அதே த/பெ போதும்.

தலைப்பெழுத்துப் பழக்கத்தில் அப்பா முன்னால் வருவார். மலேசிய இந்தியத் தலைவர் வீ. தி. சம்பந்தனின் 'வீ', தந்தை வீராசாமி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அவர் பெயர் தாங்கிய சாலைப் பலகையில் அந்த எழுத்தும் இல்லை; ஜாலான் துன் சம்பந்தன், அவ்வளவே.

அப்பாவை முன்னிறுத்துவது பழைய வழக்கம். சங்கப் புலவர் ஒருவர் 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்'. கரூர் அருகே புகளூர்ப் பாறையில், ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன், சேரர் மூன்று தலைமுறையை 'மகன்', 'மகன்' என்றே கோத்திருக்கிறார்கள். அங்கே சொல் முழுசாக இருக்கிறது.

சுருக்கமும் நமக்குப் புதிதல்ல. பெருமகன் பெருமான் ஆனான். கோமகன் கோமான் ஆனான். சேரமான், அதியமான், மலையமான் என்ற பெயர்களின் 'மான்' எல்லாம் தேய்ந்த மகன்தான். அங்கே மகன் என்பது பெற்ற பிள்ளையை அல்ல, குடியில் பிறந்தவனைக் குறித்தது. சொல் தேய்ந்து விகுதியானது.

ஏ/எல் தேய்வது விமான டிக்கெட்டில். முன்பதிவுக் கணினியில் சாய்கோடு குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிக்கும் குறி. பெயருக்குள் அதற்கு இடமில்லை. கோடு போனதும் 'ஏஎல்' ஒரு சொல்லாகிவிடுகிறது. அயல்நாட்டு முகப்பில் இருப்பவர் அதை 'அல்' என்று படித்து, அரபுப் பெயரோ என்று நிமிர்ந்து பார்ப்பார். எதிரே நிற்பது முனுசாமி மகன்.