தோட்டப் பாடலும் வகுப்பறையும்

தலவாக்கலைத் தொகுதி 1947-இல் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சி. வி. வேலுப்பிள்ளை ஒரு கவிஞர். மறு ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டத்தால், அவரைத் தெரிவு செய்த தோட்ட மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அம்மக்களின் வாய்மொழிப் பாடல்களை அவர் தேடித் திரட்டினார்.

அப்பாடல்களைத் தமிழ்ப் பாடவேளைக்குள் மட்டும் பூட்டி வைப்பானேன்? மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் கூலிகள் நடந்த காட்டுவழி பூகோளம் அன்றோ! கோப்பிப் பாட்டைப் பாடும் பிள்ளைக்கு, 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த கதை தாவரவியல். கங்காணியிடம் பட்ட கடனும், கூலியைப் பாதியாக்கிய ‘அரைப்பேரும்’ கணக்கு. எங்கள் மாணவர் இக்கணக்கை வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர்கள்; கரும்பலகையில்தான் அது ஏறவில்லை.

பாட்டிமாரிடம் கேட்டு எழுதிவரச் சொன்னோம். பாடி முடித்த பாட்டி ஒருத்தி, “இதையெல்லாமா பள்ளிக்கூடத்துல கேக்குறாங்க?” என்றாளாம்.