முன்பாரமும் பின்பாரமும்

மாட்டுவண்டிகள் குறைந்தபோது அவற்றோடு சேர்ந்து புழக்கம் குறைந்த சொற்கள் பல. அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்: முன்பாரம், பின்பாரம். சுமை அச்சுக்கு முன்னால் மிகுந்தால் முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். பின்னால் மிகுந்தால் பின்பாரம். நுகம் மேலெழும்பப் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். பள்ளத்தில் இறங்கும்போது வண்டியின் சுமை முன்னுக்குச் சாயும் என்பதை வண்டிக்காரர் அறிவார். உடனே தாமும் பின்னுக்குச் சரிந்து உட்கார்வார். இதற்கென எந்தச் சூத்திரமும் அவரிடம் இல்லை. உடம்பே அவருக்குத் தராசு.

இந்த அறிவு சாத்தூர்ப் பக்கத்தில் பொழுதுபோக்குச் செய்தி அல்ல, பிழைப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரிசல் பருத்தி தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சென்றது மாட்டுவண்டிகளில். நாடார் வணிகர்கள் சாத்தூர், விருதுபட்டி, சிவகாசி முதலிய ஊர்களில் பேட்டைகள் அமைத்திருந்தனர். சரக்கும் மாடும் மனிதரும் இரவில் அச்சமின்றித் தங்க மதில் சூழ்ந்த இடங்கள் அவை. 1876இல் தூத்துக்குடி வரை இருப்புப்பாதை வந்தது. தொலைதூர வண்டிப் பயணம் மெல்லக் குறைந்தது. ஆயினும் வயலிலிருந்து ரயிலடி வரையிலான தூரத்துக்கு வண்டிதான் கதி என்றே நெடுங்காலம் இருந்தது.

அடுத்து வந்தது மோட்டார். அது இந்தப் பழைய அறிவை மறந்துவிட்டுத்தான் தொடங்கியது என்றால் வியப்பாக இருக்கும். டி.வி. சுந்தரம் அய்யங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே 1912இல் பேருந்து விட்ட காலத்தில், உலகெங்கும் பெரும்பாலான மோட்டார் வண்டிகளுக்குப் பின்சக்கரத்தில் மட்டுமே பிரேக். முன்சக்கரத்தைப் பிடித்தால் வண்டி தலைகுப்புறக் கவிழும் என்று பொறியாளர்களிலேயே பலர் அஞ்சினர். 1921இல் அமெரிக்காவின் டியூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களுக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அச்சம் அகன்றது. நம் பக்கத்தில் 1962இல் சென்னையை அடுத்த பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் தோன்றியது.

நான்கு சக்கரத்துக்கும் பிரேக் வந்த பிறகுதான் உண்மையான கேள்வி எழுந்தது. முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு? சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 1000 கிலோ எடையுள்ள ஒரு கார். நிற்கும்போது முன்சக்கரங்களின் மேல் 600 கிலோ, பின்சக்கரங்களின் மேல் 400 கிலோ. அச்சுகளுக்கு இடையே 2.4 மீட்டர். எடையின் மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில். பிரேக்கை ஓங்கி மிதித்தால் ஏறத்தாழ 160 கிலோ பின்னாலிருந்து முன்னுக்குப் பாய்கிறது. பின்சக்கரத்தில் மிஞ்சுவது 240 கிலோ. வண்டிக்காரரின் முன்பாரம் இதுவே.

பாரம் குறைந்த பின்சக்கரத்தை அளவுக்கு மீறிப் பிடித்தால் அது உருளாமல் சறுக்கும். முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் கார் திரும்ப மறுக்கும், ஆனால் நேராகவே போகும். பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டாலோ வால் முன்னே வர, கார் பம்பரமாகச் சுழலும். ஆகவே, பூட்டிக்கொள்வதானால் முன்சக்கரமே முதலில் என்பது வடிவமைப்பாளர்களின் பால பாடம்.

ஆனால் பாரம் நாளுக்கு நாள் மாறுகிறதே? சாத்தூரில் சரக்கேற்றிப் போகும் வண்டி திரும்பும்போது வெறுமையாக வரும். இதற்காகவே சரக்கு வண்டிகளிலும் வேன்களிலும் சில கார்களிலும் ஒரு வால்வு வைத்தார்கள். வண்டியின் உடலோடு வால்வு, பின் அச்சோடு ஒரு கம்பி. பாரம் ஏறினால் உடல் தாழும், கம்பி அசையும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். பாரம் இறங்கினால் குறையும். வண்டிக்காரரின் உடம்பு செய்த வேலையை ஒரு ஸ்பிரிங்கும் லீவரும் செய்தன.

இனி, தாழ்த்திய காரைப் பார்ப்போம். இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் கார்ப் பந்தயங்கள் நடந்த காலத்திலிருந்து, வண்டி தரையோடு தரையாக ஓடுவதில் இளைஞர்களுக்கு ஒரு மோகம். பட்டறையில் ஸ்பிரிங்கை வெட்டியோ மாற்றியோ 5 சென்டிமீட்டர் இறக்குகிறார்கள். நம் கணக்கின்படி எடையின் மையம் தாழ்வதால் பின்சக்கரத்துக்குக் கிடைக்கும் ஆதாயம் வெறும் 14 கிலோ. ஆனால் வால்வுக்கு எடை தெரியாது, தாழ்வு மட்டுமே தெரியும். சாதாரண ஸ்பிரிங் உள்ள சிறிய காரில் பின்பக்கம் 5 சென்டிமீட்டர் தாழ, ஏறத்தாழ 200 கிலோ, அதாவது மூன்று பேர் ஏற வேண்டும். இல்லாத அந்த மூவரையும் நம்பி வால்வு அழுத்தத்தைத் திறந்துவிடுகிறது. ஓட்டுநர் தனியாகப் போகும் மழை நாளில், குறுக்கே ஒரு ஆடு வந்தால் போதும்.

பரிகாரம் இல்லாமல் இல்லை. வண்டியை இறக்கிய அளவுக்கு இணைப்புக் கம்பியின் நீளத்தையோ தாங்கியின் இடத்தையோ மாற்றி, வெறும் வண்டியில் லீவர் பழைய நிலைக்கு வருமாறு செய்ய வேண்டும். தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். குழாயைக் கழற்றியிருந்தால் ஏர் எடுக்க வேண்டும். ஆளற்ற மைதானத்தில் குறைந்த வேகத்தில் சோதித்து, முன்சக்கரமே முதலில் பூட்டுகிறதா என்று வெளியே நிற்பவர் பார்க்க வேண்டும். இவ்வளவு செய்தாலும் ஒரு குறை மிஞ்சும். புது ஸ்பிரிங் கெட்டியானதாக இருந்தால் குடும்பமே ஏறினாலும் வண்டி அவ்வளவாகத் தாழாது. ஏறிய பாரம் வால்வுக்குத் தெரியாமலே போய்விடும்.

இப்போதைய கார்களில் இந்த வால்வு அரிது. 2019 ஏப்ரல் முதல் புதிதாக விற்கும் கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். அவற்றில் மின்னணுக் கருவி சக்கரங்களின் சுழற்சியையே கவனித்துப் பிரேக்கைப் பங்கிடுகிறது. தாழ்வைக் காட்டி அதை ஏமாற்ற முடியாது. அதே ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கி, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்றும் தீர்ப்பளித்தது. எனினும் பழைய வண்டிகள் இன்னும் சாலையில் இருக்கின்றன, தாழ்த்தும் ஆசையும் இருக்கிறது.

வண்டி ஓட்டிய பெரியவர் எவரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், முன்பாரம் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். வெறும் வண்டியைப் பாரவண்டி என்று எண்ணி ஓட்டினால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். காரைப் பட்டறையில் விடுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.