500 சதுர மீட்டர் இல்லாத வீடுகள்

மின்சாரத்தைச் சேமியுங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள் என்கிறார்கள். சரி, யார் எரித்ததை யார் சேமிப்பது? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது தோழர்களே.

1942 ஜூலையில் அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. அவரை அரசமைப்புச் சட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் இந்த நான்கு ஆண்டுகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1943 அக்டோபர் 25 அன்று பொதுப்பணி, மின்சாரக் கொள்கைக் குழுவில் அவர் ஆற்றிய உரையை நாம் கூட்டமாக உட்கார்ந்து படிக்க வேண்டும். மின்சாரம் அரசிடம் இருக்க வேண்டுமா, தனியாரிடமா என்று கேட்கிறார். மலிவாக, தாராளமாகக் கிடைக்காவிட்டால் தொழில்வளர்ச்சி இல்லை என்கிறார். தொழில்வளர்ச்சி எதற்கு? வறுமையிலிருந்து மக்களை மீட்பதற்கு. அவர் கணக்கில் மின்சாரம் மனிதரிலிருந்துதான் தொடங்குகிறது. மறு ஆண்டே மத்திய மின் தொழில்நுட்ப வாரியம் அமைந்தது.

1948 சட்டத்தின்படி மாநில மின்வாரியங்கள் வந்தன. கம்பங்கள் ஊர்த்தெருவரை வந்தன. பல இடங்களில் சேரிக்குத் திரும்பும் முனையிலேயே நின்றன. 1988-89இல் ஒன்றிய அரசு குடிர் ஜோதித் திட்டம் தொடங்கியபோது ஏழைக் குடும்பத்துக்குக் கிடைத்தது ஒற்றை விளக்கு இணைப்பு. மின்சிக்கனத்தில் நம்மை மிஞ்ச ஆளில்லை!

2001இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது. 2006இல் நட்சத்திரக் குறியீடு. ஏசி வாங்குகிறவருக்கு அது உதவும், ஏசியே இல்லாதவருக்கு? 2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் மேல் எல்இடி பல்புகள் விற்கப்பட்டதையும், விலை இறங்கியதையும் நாம் மறுக்கவில்லை. நம் வீடுகளிலும் அவை எரிகின்றன.

நம் கோபம் கூரையைப் பற்றியது. 2018இல் குடியிருப்புகளுக்கென ஒன்றிய அரசு எரிசக்திக் கட்டட விதிகளை வெளியிட்டது. வெயில் சுவர் வழியாகவும் கூரை வழியாகவும் உள்ளே இறங்காமல் கட்டுவது எப்படி என்று அவை சொல்கின்றன. நல்ல விதிகள்தான். ஆனால் 500 சதுர மீட்டர், அதாவது சுமார் 12 சென்ட், அதற்குக் குறையாத மனையில் எழும் கட்டடங்களுக்குத்தான் அவை பொருந்தும். எந்தக் காலனியில் அப்படி மனை கொடுத்தார்கள்? இரண்டு, மூன்று சென்ட் பட்டாவுக்கே தாலுகா அலுவலகத்துக்கு நடந்து கால் தேய்கிறது.

பகலெல்லாம் வயலிலும் கட்டட வேலையிலும் வெயில் தின்றவர்கள், இரவில் சிமெண்ட் ஷீட்டின் கீழ் படுக்கிறார்கள். ஷீட் குடித்த சூடு நள்ளிரவுவரை இறங்குகிறது. மின்விசிறி அந்தச் சூட்டையே சுழற்றித் தருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளைகள் வாசலில்தான் தூங்குகிறார்கள். காலநிலை மாற்றம் நம் தெருவுக்கு வரும் வழி இது.

அரசு கட்டித்தரும் தொகுப்பு வீட்டுக்கு முதலில் அந்த விதிகளைப் பொருத்து என்று நாம் கேட்கலாம். அதற்குக் கையில் கணக்கு வேண்டும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவத் தோழர்கள் ஒரு வெப்பமானியை எடுத்துப்போங்கள். காலனி வீட்டுக்குள் இரவு 10 மணிக்கு எத்தனை டிகிரி, கூரை எதனால் ஆனது, ஊர்த்தெரு வீட்டில் எத்தனை என்று பத்து நாள் எழுதி வாருங்கள். ஜூனில் உட்கார்ந்து மனு எழுதுவோம்.