அண்ணாவிமாருக்குக் கிடைத்த மதிப்பு

மட்டக்களப்பு நாட்டிலே கூத்தாடியோர் பெரும்பாலும் உழவரும் மீனவருமே. பகலெல்லாம் பாடுபட்டவர்கள் இரவிலே களரிக்கு வந்தனர். சட்டம் கொடுத்த நாள் முதல் சதங்கை அணி விழா, அரங்கேற்றம் வரையில் அவர்களைப் பல மாதங்கள் பழக்கியவர் அண்ணாவியார். மத்தளம் அவர் கையில். ஆட்டமும் தாளக்கட்டும் அவர் நெஞ்சில். ஏடு பிடித்துப் பாட்டெடுத்துக் கொடுப்பவரும் விடியும்வரை அருகில் நிற்பார். அவரை எவர் கவனித்தார்!

கற்றோர் இக்கலையைப் பாமரர் பொழுதுபோக்கென நெடுங்காலம் ஒதுக்கினர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் இலங்கைக் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராயிருந்து, அண்ணாவிமாரைத் தேடி அழைத்து, மாநாடு கூட்டி மதிப்பளித்தார். அது பெரிது, அதனினும் பெரிது பின்னர் நிகழ்ந்தது. 1962இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 'கர்ணன் போர்' மேடையேறியபொழுது, பட்டம் பெற வந்த மாணவர் கிராமத்து அண்ணாவியாரின் மத்தளத்துக்குக் கால் மிதிக்கப் பழகினர்.