மிஸ்டர் ஹூப்பர் கட்டாருக்குப் போகவில்லை

சிறுபிள்ளை நிகழ்ச்சிகளில் எங்களை அழவைத்த இடங்கள் எவை என்று ஒரு பட்டியல் போடலாம் என்றுதான் தொடங்கினோம். திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று வேறுவேறு ஊர்க்காரர் நாங்கள். பார்த்த டீவி மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

முதலில் வந்தது டோம் அண்ட் ஜெரி. சிங்களமும் தெரியாத, இங்கிலிசும் தெரியாத பிள்ளைக்கு அதைவிட்டால் வேறு கார்ட்டூன் ஏது? அதில் 1956இல் வந்த ‘ப்ளூ கேட் ப்ளூஸ்’ என்ற படத்தில், காதலில் தோற்ற பூனை தண்டவாளத்தில் போய்க் குந்தியிருக்கும். கடைசியில் எலியும் பக்கத்தில் வந்து குந்தும். ரயில் வரும் சத்தம் கேட்கும், படம் முடிந்துவிடும். பெரியாளாகிப் பார்க்கும்போது நெஞ்சு அடைக்கிறது. அப்போது எங்களுக்கு ஒன்றுமே இல்லை. அடுத்த நாள் ரெண்டும் திரும்ப ஓடும்தானே. கார்ட்டூனில் செத்தவர் எழும்பி வருவார்.

அடுத்தது ஒஷின். அது சிறுபிள்ளை நிகழ்ச்சி இல்லை என்று எங்களுக்குள்ளேயே சண்டை. ஆனால் எங்கட அம்மாமார், உம்மாமார் பிள்ளைகளாகவும் குமர்களாகவும் இருந்து அழுதது அதற்குத்தான். ஜப்பானில் 1983இல் தொடங்கிய தொடரை ரூபவாஹினி பிறகு சிங்களத்தில் குரல்கொடுத்துக் காட்டியது. ஒரு மூட்டை அரிசிக்காக ஏழு வயதுப் பிள்ளை வேலைக்கு அனுப்பப்படுகிறாள். தெப்பம் ஆற்றில் போகிறது, தாய் கரையில் நிற்கிறாள். அதற்குச் சிங்களம் தெரிந்திருக்கத் தேவையில்லை.

பட்டியலில் மூன்றாவதாக வந்தவர் மிஸ்டர் ஹூப்பர். அவரோடு பட்டியல் நின்றுபோனது.

உண்மையைச் சொன்னால், ‘செசமி ஸ்ட்ரீட்’டைச் சின்ன வயதில் எங்களில் ஒருத்தரும் பார்க்கவில்லை. யூடியூப்பில் கண்டுபிடித்தது பின்னால்தான். அமெரிக்காவில் 1969 நவெம்பரில் தொடங்கிய அந்த நிகழ்ச்சியில், முதல் நாளிலிருந்தே தெருமுனைக் கடைக்காரர் மிஸ்டர் ஹூப்பர். நடித்தவர் வில் லீ. பிக் பேர்ட் என்ற பெரிய மஞ்சள் பறவைக்கு அவருடைய பெயர் சரியாக வாயில் வராது. ‘லூப்பர்’ என்றுதான் சொல்லும். 1982 டிசெம்பரில் வில் லீ மாரடைப்பால் இறந்துபோனார்.

தயாரிப்பாளர்களுக்குச் சுகமான வழிகள் இருந்தன. வேறொரு நடிகரைப் போடலாம். கடையை விட்டுவிட்டு ஓய்வெடுக்கப் போய்விட்டார் என்று சொல்லலாம். பார்க்கிறது மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள், கேள்வி கேட்கவா போகிறார்கள்? அவர்கள் அப்படிச் செய்யவில்லை. பிள்ளை உளவியல் தெரிந்தவர்களிடம் கேட்டு, நோர்மன் ஸ்டைல்ஸ் எழுதி, 1983 நவெம்பர் 24 அன்று ஒளிபரப்பினார்கள். அது நன்றி நவிலல் விடுமுறை நாள். பிள்ளை கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தாய் தகப்பன் வீட்டில் இருக்க வேண்டும் என்றே அந்த நாளைத் தெரிவுசெய்தார்கள். (அதே 1983 ஜூலையில் எங்கட நாட்டில் நடந்ததைப் பிள்ளைகளுக்கு யார் என்ன சொல்லி விளங்கப்படுத்தினார்கள் என்று யோசிக்கிறோம்.)

காட்சி இதுதான். பிக் பேர்ட் தன் சிநேகிதர்கள் எல்லாரையும் படமாக வரைந்து, ஆளாளுக்குக் கொடுக்கிறது. ஒரு படம் மிச்சம். மிஸ்டர் ஹூப்பர் எங்கே என்று கேட்கிறது. அவர் செத்துப்போனதை முன்னமே சொன்னோமே என்கிறார்கள். ஓம், மறந்துபோனேன், அவர் திரும்பி வந்ததும் கொடுக்கிறேன் என்கிறது பறவை. செத்தவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்று ஒருத்தர் எழும்பிப் போய்ச் சொல்கிறார். அப்ப எனக்கு ஆர் கதை சொல்லுவார், ஆர் சாப்பாடு தருவார் என்று அது கோபப்படுகிறது. கடையை இனி டேவிட் பார்ப்பார், நாங்கள் எல்லாரும் இருக்கிறோம் என்கிறார்கள். ஏன் இப்படி நடக்க வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் ஒருத்தரிடமும் விளக்கம் இல்லை. நோய், சொர்க்கம், விதி என்று எதுவும் சொல்லாமல், அப்படித்தான் என்று மட்டும் சொல்கிறார்கள். நடிகர்களின் கண்ணில் இருந்தது நிசக் கண்ணீர். கடைசியிலும் பறவை ‘லூப்பர்’ என்றே சொல்கிறது.

இதை நாங்கள் ஐந்தாறு பேர் ஒரு லப்டொப்பைச் சுற்றியிருந்து பார்த்தோம். முடிந்த பிறகு கல்முனைச் சிநேகிதன் ஒருவன் கதைக்கத் தொடங்கினான்.

2004 டிசெம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா நாளும்கூட. இலங்கையில் ஆகக் கூடுதலானோர் செத்தது எங்கட அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேல். எங்களுக்கு அப்போது ஆறு, ஏழு, எட்டு வயது. தமிழ் வீடுகளில் ‘மோசம் போயிட்டார்’ என்பார்கள், முஸ்லிம் வீடுகளில் ‘மௌத்தாகிட்டார்’ என்பார்கள். பெரியாக்கள் தங்களுக்குள் கதைக்கும்போது இந்தச் சொற்கள் தாராளமாக வரும். பிள்ளை பக்கத்தில் வந்தால் கதை மாறிவிடும். ‘வாப்பா கட்டாருக்குப் போயிருக்காரு மகன்.’ ‘அம்மா ஆசுபத்திரியில இருக்கா.’

கட்டார் என்பது எங்கட பக்கத்தில் மிகவும் நம்பக்கூடிய பொய். கட்டார், சவூதி, குவைத் என்று ஒவ்வொரு ஒழுங்கையிலும் யாரோ போயிருப்பார்கள். போனவர்கள் ரெண்டு வருசத்தில் பெட்டி கட்டிக்கொண்டு திரும்பியும் வருவார்கள். அதனால்தான் பிள்ளை காத்திருக்கும். சிநேகிதனுக்குச் சொல்லப்பட்டது குவைத். தாய் வரும்போது ஸ்பைடர்மேன் படம் போட்ட பேக் கொண்டுவர வேண்டும் என்று, டெலிபோன் அடித்தபோதெல்லாம் ஓடியிருக்கிறான். இரண்டாம் வருசம், விளையாட்டில் வந்த சண்டையில் ஒரு பெடியன் கத்தினான்: ‘உன்ட உம்மா கடலோட போயிட்டா.’ அப்படித்தான் அவனுக்குத் தெரியவந்தது.

அவன் பின்னால் உம்மம்மாவிடம் கேட்டிருக்கிறான். ‘எனக்கே வாயில வரல்ல, உனக்கு என்னெண்டு சொல்ற?’ என்றிருக்கிறா. அந்தக் கிழவியை நாங்கள் குறைசொல்ல மாட்டோம். பல வீடுகளில் மையித்தே கிடைக்கவில்லை. கிடைத்தவற்றையும் ஒரே கிடங்கில் ஒன்றாக அடக்க வேண்டி வந்தது. பெரியாக்களும் உள்ளுக்குள் யாரோ வரக்கூடும் என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அமெரிக்கத் தயாரிப்பாளர்களுக்கு ஒரு சாவுதான். யோசிக்க ஒரு வருசம் இருந்தது, கேட்க நிபுணர்கள் இருந்தார்கள். ஆனால் அந்தக் காட்சியை முன்கூட்டிப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்தபோது, நான்கு, ஐந்து வயதுக்காரரில் பெரும்பாலானோர் ஹூப்பர் இனி வரமாட்டார் என்பதை விளங்கிக்கொண்டார்கள். எங்களுக்கு அதைவிட வயது கூட.

எங்கட டீவியில் சுனாமி நாள்கணக்காக ஓடியது: அலை, வள்ளம், பிணம், நிவாரண லொறி. எல்லாம் பெரியாக்களுக்கான செய்தி. தமிழில் பிள்ளையின் முகத்தைப் பார்த்து ‘செத்துப்போனார், திரும்பி வரமாட்டார், நாங்கள் இருக்கிறோம்’ என்று சொன்ன ஒரு பொம்மைகூட எங்களில் யாருக்கும் நினைவில் இல்லை. சுட்டி டிவி வந்தது 2007இல். அதில் சிரிப்பு நிறைய இருந்தது, நாங்களும் சிரித்தோம்.

கதைத்து முடிய இரவாகிவிட்டது. தம்பிலுவில் பெட்டை ஒருத்தி சொன்னதோடு எழும்பினோம். 2005 ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்த அன்று டீச்சர் இடாப்புக் கூப்பிட்டாவாம். செத்த பிள்ளைகளின் பெயர் வரும் இடத்தில் டீச்சர் என்ன செய்யப்போறா என்று இவள் விரலை மடக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். பெயர்கள் வரவேயில்லை. புது வருசம், புது வகுப்பு, புது இடாப்பு. பழையது அலுமாரிக்குள் இருந்தது.